எல்லா நாளும் 98.4

“இந்த நோட்டை யார் எழுதுறது?” என்று கேட்டாள் நர்ஸ்.

கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தச் சத்தத்துக்குக் கூடத்தின் கடைசி நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார். கீமோ பகல் வார்டில் அவளுக்கு ‘விசில் சிஸ்டர்’ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. மாற்ற வேண்டும் என்று இதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை.

“அப்பாதான்,” என்றாள் மகள்.

“எல்லாரும் பாருங்க! காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு, ஒரு நாள் விடல. கோடு போட்டு, கட்டம் கட்டி... இப்படி ஒரு பேஷண்ட் இருந்தா எங்களுக்கு என்ன கவலை?”

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். அப்பாவின் காதில் தெர்மாமீட்டரை வைத்தாள். 98.2. முந்தாநாள் எடுத்த ரத்த ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

“வெள்ளை அணு ஓரத்துல நிக்குது. பரவால்ல, போதும். காய்ச்சல் இல்லல்ல? அப்ப ஏத்திரலாம். பதினோரு மணிக்குள்ள கூப்பிடறேன்.”

அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள். அப்பா, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையனைப் போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முன்கதை நாலு வரி. அப்பா அட்டைப்பெட்டி ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் மூத்திரம் போகச் சிரமம் என்றார். மூன்று மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் சிரமப்பட்டுவிட்டுத்தான் அதையும் சொன்னார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே அது இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் குடி போயிருந்தது. ஹார்மோன் ஊசி ஒரு வருஷம் பிடித்து நிறுத்தியது. பிறகு அதுவும் கைவிட்டது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. ஐந்து முடிந்தது. இன்று ஆறாவது. இது முடிந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மேலே என்ன என்று சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

ஐந்து கீமோ அப்பாவிடமிருந்து புருவத்தை எடுத்துக்கொண்டது. நகங்களைக் கறுப்பாக்கியது. எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது என்பார். “முப்பது வருஷம் இரும்போட குடும்பம் நடத்தியாச்சு, இப்ப தின்னும் பாத்தாச்சு” என்று முதல் மாதம் சிரித்தார். இப்போதெல்லாம் சொல்வதோடு சரி.

“என்ன பாய்லர், இன்னிக்கு எத்தனை தடவை கொதிச்சுது?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர். அதே வியாதி, அதே ஊசி, அதே கிழமை.

“காலைலேர்ந்து நாலு,” என்றார் அப்பா. ஹார்மோன் ஊசி போட்டவர்களுக்குத் திடீரென்று நெஞ்சிலிருந்து தலைவரை சூடு ஏறும், வேர்த்துக் கொட்டும், போய்விடும்.

“எனக்கு ஆறு. என் வீட்டுக்காரி அந்த வயசுல இப்படித்தான் வேர்த்துக் கொட்டி உக்காந்திருந்தா. ஃபேனைப் போடுன்னா. கரண்டு பில் ஏறும்னேன். இப்ப அவ சொல்றா, ஏறும்ங்கறா!”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை செய்கிறாள். அங்கே மதியம்வரை சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மகளும் அரை நாள்தான் கேட்டிருந்தாள். ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் தரப் பிரிவு. ஆறு மாதத் தற்காலிகம் முடிய இன்னும் இரண்டு நாள். நிரந்தரமாக்கும் காகிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டியது வெள்ளிக்கிழமை. இன்று வெளியாட்கள் வந்து தணிக்கை செய்கிறார்கள். இரண்டு மணிக்கு அவள் அங்கே நிற்க வேண்டும்.

“படிச்ச பொண்ணு, இந்த ஃபாரத்தை நிரப்பிக் கொடும்மா,” என்று எதிரே ஒரு அம்மாள் நீட்டினாள். மூன்றாவது ஃபாரம். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினால் கிடைப்பது பட்டம் மட்டும் இல்லை. மற்ற எல்லோருடைய காகிதமும் அதோடு சேர்ந்து வரும். மாமாவின் இன்சூரன்ஸ், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பதிவு, இப்போது முன்பின் தெரியாதவளின் கர்ப்பப்பை. நிரப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அப்பாவின் நோட்டை எடுத்தாள். டாக்டர் கேட்டால் சொல்வதற்கு, மூன்று வார வெப்பநிலையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம் என்று.

98.4. 98.4. 98.4. 98.6. 98.4.

மூன்று வரி பார்த்ததும் அவளுக்கு என்னவோ உறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

அவளுடைய வேலையே இதுதான். குளிர்ப்பதன அறைகளின் வெப்பநிலைத் தாள்களைத் தினமும் படிக்கிறாள். மணிக்கு ஒருமுறை உள்ளே போய் மீட்டர் பார்த்து எழுத வேண்டும். சிலர் ஷிஃப்டு ஆரம்பித்ததுமே எட்டு மணி நேரத்துக்கும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, நம்புகிறாற்போல் இருக்கட்டும் என்று நடுவில் ஒரு பத்தொன்பது. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. குளிரில் விறைத்த கை அப்படி எழுதாது. நான்கு பேரை இந்த ஆறு மாதத்தில் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். தொழிற்சாலையில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். விசில் சிஸ்டரின் டிக் இருந்தது. அதற்கு மேலே அப்பாவின் கட்டங்கள்.

புதன் காலை 98.4.

புதன் மாலை 98.6.

இன்று புதன்கிழமை. கூடத்துக் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து.

வியாழன் காலை 98.4. வியாழன் மாலை 98.4.

இன்னும் வராத நாளைக்கு அப்பா காய்ச்சல் பார்த்து எழுதி முடித்திருந்தார்.

அவள் நோட்டை மூடினாள். அப்பாவைப் பார்க்கவில்லை. “அம்மா, கொஞ்சம் வா,” என்றாள்.

“எங்கடி? இப்பத்தான் உக்காந்தேன். கால் கழண்டு விழுது.”

“வான்னா வா.”

கை கழுவும் குழாய்கள் இருக்கிற சந்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையாக ஐந்து குழாய். இரண்டில் தண்ணீர் வரும்.

“அப்பாவுக்கு எத்தனை நாளா காய்ச்சல்?”

அம்மா குழாயைத் திறந்தாள். மூடினாள். “யார் சொன்னா?”

“நீதான் இப்ப சொன்ன.”

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. வராததாலேயே பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் ஏதாவது சாமானைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். இங்கே சாமான் இல்லை. வெறும் கையைக் கழுவினாள்.

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. அந்தி சாஞ்சா குளிருதுங்கறாரு. நேத்து நீ தூங்கினப்புறம் பல்லு கிடுகிடுன்னு ஆடிச்சு. ரெண்டு போர்வை போட்டேன். அடங்கல. நான் மேல சாஞ்சு படுத்துக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? விடியக்காலைல அஞ்சு மணிக்கு மாத்திரை குடுத்தேன். காய்ச்சல் மாத்திரை. ரெண்டு. வேர்த்து இறங்கிடுச்சு. அதான் இப்ப நல்லா இருக்காரே, அந்தம்மா பாத்தாங்கல்ல?”

“அம்மா!” குரல் எழும்பிவிட்டது. குழாயடியில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “மருந்து ஏத்தறவங்களுக்குக் காய்ச்சல் நூறைத் தாண்டினா உடனே ஓடி வரணும்னு முதல் நாளே சொன்னாங்களா இல்லையா? மாத்திரை போட்டு மறைக்கக் கூடாதுன்னு சிவப்பு மையில எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேனா இல்லையா?”

“எனக்கு என்னடி படிக்கத் தெரியும்?”

“படிச்சுக் காட்டினேன்ல! மூணு தடவை!”

“காட்டின. இல்லங்கல.” அம்மாவுக்கும் குரல் வந்துவிட்டது. “நீ படிச்சுக் காட்டிட்டு வேலைக்குப் போயிடுவ. வீட்ல இருக்கறது நானும் அந்த மனுஷனும். சொல்லாத சொல்லாதன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா நான் என்ன பண்ண? போன தடவை காய்ச்சல்னு வந்தோம். ஒன்பது நாள் வெச்சுக்கிட்டாங்க. ஒன்பது நாளும் நாற்காலியிலயே உக்காந்து, என் கால் ரெண்டும் தூணு மாதிரி வீங்கிப் போச்சு. அதைக்கூட விடு. நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொன்னேன்?”

“போன்ல. வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு, உன் சிநேகிதிகிட்ட. ‘இன்னொரு தடவை இவரை அட்மிட் பண்ணினா என் வேலை போச்சு’ன்னு சொன்னியா இல்லையா?”

மகள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

“கதவு திறந்துதான் இருந்துச்சு. அவரு முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. என்கிட்ட ஒன்னுமே சொல்லல. வீட்டுக்கு வந்து புது நோட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு, அவ்ளோதான்.”

சொன்னாள்தான். நாலாம் நாளா, ஐந்தாம் நாளா என்று நினைவில்லை. அன்றைக்கு மேனேஜர் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். பசி, தூக்கம், எரிச்சல். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தபோது, அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று விளக்கைக்கூட அணைத்தாள்.

கோபத்தை யார் மேல் போடுவது என்று தெரியாத கோபம்தான் இருப்பதிலேயே களைப்பானது. திரும்பிக் கூடத்துக்கு நடந்தாள்.

தபால்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து நோட்டை விரித்து அப்பாவின் மடியில் வைத்தாள். வியாழக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

அப்பா விரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “ஆபீசரம்மா பிடிச்சுட்டாங்க,” என்றார்.

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கலம்மா. விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கு. பேனா நிக்க மாட்டேங்குது. நிக்கற அன்னிக்கே நாலு நாளைக்குச் சேத்து எழுதிட்டேன்.”

“காய்ச்சலையும் சேத்தே பாத்துட்டீங்களா?”

 அவர் கையைத் தொட்டாள். சூடு இல்லை. மாத்திரையின் குளிர்ச்சி இன்னும் இருந்தது. ஐந்து மணிக்குப் போட்டது. பத்து, பதினொன்று வரை தாங்கும்.

“நான் போய் சொல்லப் போறேன்.”

“வேண்டாம்.” அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கறுத்த நகங்களில் இவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. “இது ஒன்னுதான் பாக்கி. ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். காய்ச்சல் தானா இறங்கும். இல்லன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வந்து படுத்துக்கறேன். வெள்ளிக்கிழமைதானே உன் காகிதம்? ரெண்டு நாள். ரெண்டே நாள் பொறுத்துக்க.”

“ரெண்டு நாள் பொறுக்கறதுக்கு உள்ள அணு வேணும்ப்பா. அது உங்ககிட்ட இல்ல.”

“ஓரத்துல நிக்குது, போதும்னு அந்தம்மாவே சொல்லுச்சே.”

“முந்தாநாள் கணக்கு அது! அதுவும் உங்க நோட்டை நம்பிச் சொன்னது!”

“மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க.” அப்பா கூடத்தைப் பார்த்தார். குரலை இறக்கினார். “நம்ம வம்சத்துலயே சட்டையில அழுக்குப் படாம சம்பாதிக்கற முதல் ஆள் நீ. என் மூத்திரப் பையாலதான் அது போச்சுன்னு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

“அதை முடிவு பண்ண நீங்க யாரு?”

“உங்கப்பன்.”

 பட்டப்படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். கையில் போன் அதிர்ந்தது. மேனேஜர். ‘இரண்டு மணி என்பது ஒன்றே முக்கால்’ என்று ஒரு செய்தி. திரையைத் தொடையின் மேல் கவிழ்த்து வைத்தாள். ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மருந்து ஏற இரண்டு மணி நேரம். டாக்ஸியில் அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிவிட்டு அவள் பஸ் பிடித்தால் ஒன்றரை. வெள்ளிக்கிழமை கையெழுத்து. சனிக்கிழமை முழுக்க அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். எத்தனையோ பேருக்குக் காய்ச்சல் வந்து தானாகப் போயிருக்கிறது.

அப்படி நினைத்ததற்காகத் தன்னை ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“பாய்லர்!” என்று உள்ளிருந்து விசில் அடித்தது. “ஆறாம் நம்பர் நாற்காலி. வாங்க, வாங்க, சட்டைக் கையை மடிச்சுக்கிட்டே வாங்க!”

அம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் தோளைப் பிடித்து அப்பா ஏறி உட்கார்ந்தார். மகளை ஒருமுறை பார்த்தார். கெஞ்சல் எல்லாம் இல்லை. மில்லில் புது ஆளிடம் ‘அந்த வால்வைத் தொடாதே’ என்று கண்ணால் சொல்வாரே, அந்தப் பார்வை.

உள்ளே தட்டு தயாராக இருந்தது. நர்ஸ் அப்பாவின் முழங்கைக்குக் கீழே தட்டித் தட்டி நரம்பைத் தேடினாள். ஐந்து முறை குத்தியதில் நரம்புகள் எல்லாம் ஒளிந்துகொண்டிருந்தன. “எங்கே போச்சு... இதோ வரான்... வந்துட்டான்...” ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

“சிஸ்டர், அந்த நோட்டு பொய்,” என்றாள் மகள்.

“என்னது?”

“நோட்டு பொய். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து காய்ச்சல். நேத்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கு. காலைல அஞ்சு மணிக்கு ரெண்டு மாத்திரை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கோம்.”

நர்ஸின் கை காற்றில் நின்றது. மூடியைத் திரும்பப் போட்டாள். இத்தனை நாளில் முதல்முறையாக மெல்லிய குரலில் பேசினாள். “யாரும்மா உங்களுக்கு இப்படிப் பண்ணச் சொன்னது?”

 அம்மா சுவரைப் பார்த்தாள்.

அப்பாதான் வாயைத் திறந்தார். மகளிடம் இல்லை, எதிர்ச் சுவரிடம் சொன்னார். “முப்பத்தொரு வருஷம். நான் எழுதின புக்கைப் பொய்னு ஒருத்தன் சொன்னதில்ல.”

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. கண்ணாடி போட்ட சின்ன டாக்டர் ஓடி வந்தார். புதிதாக ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். பத்தே முக்காலுக்கு 99.8. பதினொன்றேகாலுக்கு 101.4. மாத்திரையின் தயவு முடிந்துவிட்டது. அப்பாவின் தாடை ஆட ஆரம்பித்தது. தபால்காரர் தன் நாற்காலியிலிருந்து, “என்ன பாய்லர், அஞ்சாவதா?” என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று தெரிந்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு ரிப்போர்ட் வந்தது. சின்ன டாக்டர் மகளை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

“முந்தாநாள் ஆயிரத்து அறுநூறு இருந்த அணு இன்னிக்கு நானூறு. மூத்திரத்துல கிருமி, ரத்தத்துலயும் இறங்கியிருக்கலாம். இதுக்கு மேல இன்னிக்கு மருந்தும் ஏத்தியிருந்தா...” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயது அவளைவிட இரண்டோ மூன்றோதான் அதிகம் இருக்கும். “சரி, சொல்லிட்டீங்க. அது போதும். மேல அனுப்பறேன். எத்தனை நாள்னு இப்ப கேக்காதீங்க.”

அவள் கேட்கவில்லை. படிக்கட்டில் நின்று மேனேஜருக்குப் போன் செய்தாள்.

“சார், அப்பாவை அட்மிட் பண்றாங்க. இன்னிக்கு வர முடியாது. நாளைக்கும் தெரியாது.”

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ ‘அந்த ஃபைலை இங்கே வை’ என்றார். பிறகு, “அப்ப வெள்ளிக்கிழமை?” என்றார்.

“தெரியாது சார்.”

“சரிம்மா. பாத்துக்கலாம்.”

எதைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. இதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மூன்று மணிக்கு மேல் மாடி வார்டில் கட்டில் கிடைத்தது. தனித் தடுப்பு, உள்ளே போகிறவர்களுக்கு முகமூடி. ஆன்டிபயாட்டிக் பாட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து போர்வையும் சொம்பும் எடுத்துவரக் கிளம்பினாள். கிளம்பும்போது அப்பாவின் காலடியில் போர்வையைச் செருகிவிட்டு, “நான்தான் மாத்திரை குடுத்தேன். அவளைக் கோச்சுக்காதீங்க. கோச்சுக்கறதா இருந்தா நான் திரும்பி வர்றதுக்குள்ள கோச்சுக்கிட்டு முடிச்சிடுங்க. எனக்குத் தெம்பில்ல,” என்றாள்.

அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். பாட்டில் சொட்டியது. அவள் சொட்டுகளை எண்ணினாள். அவர் கூரையைப் பார்த்தார். முகம் சிவந்து, புருவம் இல்லாமல், யாரோ பாதி வரைந்துவிட்டு எழுந்து போனதுபோல் இருந்தது.

“அப்பா, நான் அன்னிக்குப் போன்ல சொன்னது...”

“விடு.”

“இல்ல, நான்...”

“விடுங்கறேன்ல. களைச்சவன் பேசறதையெல்லாம் எழுதி வெச்சா எந்த மில்லும் ஓடாது.” மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார். “உங்க கம்பெனில, அந்த ஐஸ் ரூம் ஆளுங்க, பொய் எழுதறாங்கன்னு பிடிப்பியே. பிடிச்சதும் என்ன பண்ணுவ?”

“மெமோ குடுப்போம்.”

“அவங்ககிட்ட இன்னொரு நோட்டு இருக்கான்னு கேட்டிருக்கியா?”

“இன்னொரு நோட்டா?”

அப்பா சுவரில் மாட்டியிருந்த தன் சட்டையைக் கண்ணால் காட்டினார். “உள் பாக்கெட்.”

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நோட்டு. அட்டை வேர்வையில் ஊறித் துணிபோல் ஆகியிருந்தது.

“மில்லுல ஆபீசுக்கு ஒரு புக்கு. அதுல பிரஷர் பத்துன்னா பத்துதான் இருக்கணும். ஒன்பதரைன்னு எழுதினா பதினெட்டு கேள்வி கேப்பான். அதனால பத்து. ஆனா நமக்கப்புறம் ஷிஃப்டுக்கு வர்றான் பாரு, அவன்கிட்டப் பத்துன்னு சொன்னா அவன் செத்துருவான். அவனுக்குப் பாக்கெட் நோட்டு. ‘எட்டரையிலயே இழுக்குது, பம்ப் சத்தம் சரியில்ல, ரெண்டாம் வால்வ நம்பாத.’ அதைக் கையில குடுக்காம எவனும் வீட்டுக்குப் போக மாட்டான். கல்யாணம்னாலும் சரி, சாவுன்னாலும் சரி.”

“இது யாருக்கு எழுதினீங்க?”

“வேற யாரு இருக்கா?” என்றார் அப்பா. “வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடுக்கலாம்னு இருந்தேன். நீதான் நேரத்துக்கு முன்னாடியே ஷிஃப்டுக்கு வந்துட்ட.”

அவள் முகமூடியைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு திறந்தாள்.

இதில் கட்டம் இல்லை. கோடு இல்லை. எழுத்துகள் வரிக்கு வரி சரிந்து கிடந்தன. பென்சில், பேனா, மறுபடி பென்சில். ஞாயிறு 100.6, குளிர். திங்கள் 101, மூத்திரம் கலங்கல், எரிச்சல். வாந்தி ரெண்டு, உங்கம்மாவுக்குத் தெரியாது. செவ்வாய் 102.2. இதெல்லாம் அவளுக்கு இப்போது தெரியும். டாக்டருக்கும் தெரியும். தொங்குகிற பாட்டில் அதற்குத்தான்.

பக்கத்தைத் திருப்பினாள்.

திங்கள்: இடது கால் முட்டி வரை மரப்பு. முதுகு வலி புதுசு.

செவ்வாய்: இடது கால் படியில் ஏறல. சுவரைப் பிடிச்சேன்.

செவ்வாய் மாலை: செருப்பு கழன்றது தெரியல. வெறுங்காலோட வாசல் வரை போயிருக்கேன்.

விரல் நுனி மரப்பது மருந்தினால் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு கையிலும் இரண்டு காலிலும் வரும். ஒரு கால் மட்டும் மரத்தால், அதுவும் முதுகெலும்பில் கட்டி இருக்கிறவருக்கு ஒரு கால் மட்டும் பலம் குறைந்தால், மணிக்கணக்கு என்று பெரிய டாக்டர் நாலாவது கீமோ அன்று சொல்லியிருந்தார். நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்கு. கட்டி தண்டுவட நரம்பை நெருக்கினால், சில மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் திரும்ப எழுந்து நிற்க முடியாது. அதையும் அவள் சிவப்பு மையில்தான் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து இன்று சாயங்காலம் நாலு மணி வரை எத்தனை மணி நேரம்? அவள் எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

“அப்பா.”

“ம்.”

“இன்னிக்குக் காலைலேர்ந்து நடந்தீங்களா?”

“எங்க நடக்க விட்டீங்க? வாசல்லேர்ந்து டாக்ஸி வரைக்கும் உங்கம்மா தோள். அப்புறம் வண்டிதான்.”

“இடது காலைத் தூக்குங்க.”

“எதுக்கு?”

“தூக்குங்கப்பா.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கனமான எதையோ தள்ளுகிறவரைப் போல நெற்றி சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. பாட்டில் குழாய் லேசாக ஆடியது.

“தூக்கிட்டேன்,” என்றார்.

போர்வை அசைந்திருந்தது. வலது பக்கம்.